கட்சியா, காடா: அமெரிக்க வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் வாக்கை எடைபோட ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேட்டைக்கும் தூண்டிலுக்கும் செல்வோரில் பலர், ஆயுத உரிமையை முன்னிட்டுக் குடியரசுக் கட்சிக்கே வழக்கமாக வாக்களித்து வருகிறார்கள். ஆனால் எல்க் மானைத் தேடி அவர்கள் ஏறும் மலைச்சரிவு பெரும்பாலும் கூட்டரசுக்குச் சொந்தமானது. நாடு முழுவதும் அத்தகைய பொது நிலம் சுமார் 64 கோடி ஏக்கர் இருக்கிறது. நெவாடாவின் பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதுவே, டெக்சஸிலோ 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த நிலத்தை விற்கவோ மாநிலங்களிடம் ஒப்படைக்கவோ முனையும் முன்மொழிவுகளும் பெரும்பாலும் அதே குடியரசுக் கட்சியிலிருந்துதான் வருகின்றன. 2016-ஆம் ஆண்டு அக்கட்சியின் கொள்கை அறிக்கையே நில ஒப்படைப்பை ஆதரித்தது.

முதலில் வேட்பாளரை விட்டுவிட்டு வரைபடத்தை எடுங்கள். நீங்கள் செல்லும் இடம் கூட்டரசு அமைப்புகளான நில மேலாண்மைப் பணியகத்துடையதா, வனச் சேவையுடையதா, மாநில அரசின் பொறுப்பிலுள்ள அறக்கட்டளை நிலமா, அல்லது தனியார் நிலத்தைக் கடந்தால்தான் எட்டக்கூடியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சிக்கலை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது அதைப் பொறுத்தே அமையும். வயோமிங்கில் பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டங்கள்போல் மாறிமாறிக் கிடக்கும் பகுதியில், தனியார் மண்ணை மிதிக்காமல் மூலையிலிருந்து மூலைக்குக் கடந்த வேட்டைக்காரர்கள் மீது தொடரப்பட்ட வழக்கை நீதிமன்றங்களே முடித்து வைத்தன: கூட்டரசின் 10-ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. மொன்டானாவில் தூண்டில்காரர் ஆற்றின் வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்குள் நடந்து செல்ல முடிவது, மாநில உச்ச நீதிமன்றத்தின் 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளாலும் மாநிலச் சட்டமன்றம் 1985-இல் இயற்றிய சட்டத்தாலும்தான். ஆற்றங்கரை உங்கள் கவலை என்றால், செனட் வேட்பாளரைவிட மாநிலச் சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்பதே பயன் தரும்.

அடுத்ததாக, சொற்களைக் கவனியுங்கள். ‘விற்பனை’ என்று வெளிப்படையாகச் சொல்பவர் குறைவு. ‘மாநிலத்திடம் ஒப்படைப்போம்’ என்பதே வழக்கமான பேச்சு. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநில அறக்கட்டளை நிலங்கள் பள்ளிகள் முதலியவற்றுக்கு வருவாய் ஈட்டித் தரும் கடமையோடு கூட்டரசால் மாநிலங்களுக்கு வழங்கப்பட்டவை. பொதுமக்கள் நுழைவதற்காக ஒதுக்கப்பட்டவை அல்ல. நெவாடா இவ்வாறு பெற்ற ஏறத்தாழ 27 லட்சம் ஏக்கரில் இன்று எஞ்சியிருப்பது சுமார் 3,000 ஏக்கர் மட்டுமே. ஆகவே ஒப்படைப்பை ஆதரிக்கும் வேட்பாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அந்த நிலத்தை மாநிலம் பின்னர் விற்பதைத் தடுக்கும் பிரிவு மசோதாவில் இருக்குமா? பெருங்காட்டுத் தீ பரவும் ஆண்டில் அதை அணைக்கும் செலவு எந்தக் கணக்கிலிருந்து வரும்? நேரடியான பதில் வராவிட்டால், வராததையே பதிலாகக் கொள்ளலாம்.

வாக்களிப்புப் பதிவைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பொது நிலங்களை வாங்கவும் காக்கவும் பணம் தரும் ‘நிலம், நீர் பாதுகாப்பு நிதிய’த்தை நிரந்தரமாக்கிய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் செனட்டில் 92-க்கு 8 என்ற கணக்கில் நிறைவேறியது. இத்தகைய வாக்கெடுப்பில் எல்லோரும் நல்லவர்களே. தம் கட்சித் தலைமைக்கு எதிராக நிற்க நேர்ந்த தருணமே சரியான அளவுகோல். 2025-இல் யூட்டா செனட்டர் மைக் லீ, 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட கூட்டரசு நிலத்தை விற்க வகைசெய்யும் பிரிவை வரவுசெலவு மசோதாவில் சேர்க்க முயன்றார். மொன்டானா அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தும், அம்மாநிலக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் இருவரும், ஐடஹோவின் இருவரும் அதை எதிர்த்தார்கள். பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பை முன்னின்று நடத்திய ரையன் சிங்கி, கூட்டரசு நிலங்களைக் கவனிக்கும் உள்துறையின் செயலராக இருந்தபோது, ‘தேசிய நினைவுச்சின்னம்’ என்ற பெயரில் பாதுகாக்கப்படும் யூட்டா நிலப்பகுதியான பேர்ஸ் இயர்ஸின் எல்லையைக் குறுக்கப் பரிந்துரைத்தவரும்கூட. எல்லைக் குறைப்பு பாதுகாப்பைத் தளர்த்தினாலும் நிலம் பொதுநிலமாகவே நீடிக்கிறது. விற்பனையில் அது நீடிப்பதில்லை. உறுப்பினர்களைத் தரப்படுத்த இவ்விரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் அடக்கும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

தராசின் மறுதட்டையும் நேர்மையாகப் பாருங்கள். 2023-இல் ஜனநாயகக் கட்சி நிர்வாகத்தின் கல்வித் துறை, புதிய துப்பாக்கிச் சட்டமொன்றுக்குப் பொருள்கொண்ட விதத்தால், பள்ளிகளின் வேட்டைப் பயிற்சிக்கும் வில்வித்தைக்கும் கூட்டரசு நிதி கிடைக்காது என்ற நிலை உருவானது. இரு கட்சியினரும் சேர்ந்து சட்டத்தைத் திருத்தினார்கள். நிலம் திறந்திருந்தும் துப்பாக்கிக்கும் பயிற்சிக்கும் தடைகள் பெருகினால் என்ன பயன் என்று கேட்பவரின் கேள்வியில் நியாயம் உண்டு. என் கணிப்பு வேறு: துப்பாக்கிச் சட்டத்தை அடுத்த காங்கிரஸ் மாற்றலாம், விற்ற மலைச்சரிவை மீட்பது மிக அரிது, எனவே இரண்டும் மோதும்போது நான் நிலத்துக்கே கூடுதல் எடை தருவேன்.

ஆனால் பெரும்பாலான மேற்கு மாநிலங்களில் இந்த மோதலை நவம்பர் பொதுத் தேர்தல் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒரே கட்சி ஓங்கியிருக்கும் இடத்தில் உண்மையான போட்டி பிரைமரி எனப்படும் முதனிலைத் தேர்தலில்தான் நடக்கிறது. அங்கே உங்கள் கட்சிக்குள்ளேயே நிலத்தைக் காப்பவரைத் தேர்ந்தெடுக்கலாம். மொன்டானாவில் கட்சிப் பதிவு இல்லாமலே அதில் வாக்களிக்கலாம். வயோமிங்கில் கட்சிப் பதிவு தேவை. வேட்புமனுத் தாக்கல் தொடங்கிய பின் கட்சி மாறுவதை 2023-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதால், பதிவை வசந்த காலத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும்.

தேர்தலுக்குப் பிறகும் தொலைபேசியைக் கீழே வைக்க வேண்டாம். 2017-இல் 33 லட்சம் ஏக்கரை விற்க யூட்டாவின் ஜேசன் சாஃபெட்ஸ் கொண்டுவந்த மசோதாவை வேட்டைக்காரர்களின் கோபமே சில நாள்களில் திரும்பப் பெற வைத்தது. மைக் லீயும் இறுதியில் பின்வாங்கினார். எதிர்க்கட்சியினரின் அழைப்பைவிட, தம் கட்சிக்கே வாக்களித்தவரின் அழைப்பு ஓர் உறுப்பினரை அதிகம் கலங்கவைக்கும்.

வாக்குச்சீட்டின் மேல்வரிசையில், அதாவது அதிபர், செனட் போன்ற பெரிய பதவிகளுக்கு, கட்சிக்கே வாக்களிப்பது என்று முடிவு செய்துவிட்டாலும், கீழ்வரிசைகளைத் தனித்தனியாகப் படியுங்கள். வயோமிங்கிலும் மொன்டானாவிலும் மாநில அறக்கட்டளை நிலங்களை நிர்வகிக்கும் வாரியத்தில், ஆளுநரோடு பொதுக்கல்விக் கண்காணிப்பாளரும் மாநிலத் தணிக்கையரும் வாக்குரிமையுடன் அமர்கிறார்கள். கல்விப் பதவிக்குப் போட்டியிடுபவரிடம் வேட்டை நிலத்தைப் பற்றிக் கேட்பது அங்கே பொருத்தமான கேள்வியே.