வறட்டு இருமலா, சளி இருமலா? கஷாயம் வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் வீட்டுக்கு ஒருவராவது தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். உடனே அடுப்பில் மிளகுக் கஷாயம் ஏறும். எந்த இருமலுக்கும் அதே கஷாயம்தான். ஆயுர்வேதம் அப்படிச் சொல்வதில்லை. இருமலைக் 'காசம்' என்று அழைத்து, ஐந்து வகையாகப் பிரிக்கிறது. வாதம், பித்தம், கபம் ஆகியவற்றால் வருபவை மூன்று. நெஞ்சில் அடிபட்டு வருவது ஒன்று, உடல் தேய்ந்து வருவது ஒன்று. கடைசி இரண்டும் வீட்டில் வைத்துப் பார்க்கும் சமாச்சாரம் இல்லை.

முதலில், கஷாயம் வேண்டாத இடங்கள்

மூச்சு வாங்குகிறது, எச்சில்கூட விழுங்க முடியவில்லை, சளியில் ரத்தம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் 3 நாளைத் தாண்டினாலோ, உள்நாக்குப் பக்கம் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்கு வரும் சில பாக்டீரியா தொண்டைப் புண்களைச் சரியாகக் கவனிக்காவிட்டால், பின்னால் இதய வால்வு வரை பாதிக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக்தான் வேண்டும். 2 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான (டி.பி.) சளிப் பரிசோதனை அவசியம், அரசு மருத்துவமனையில் இலவசம். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் கஷாயத்தை நம்பி அதை நிறுத்தவே கூடாது.

எந்த இருமல் என்று பாருங்கள்

காலையில் வாய் கொப்பளித்ததும் கவனியுங்கள். கோழை வெள்ளையாக, கெட்டியாக வந்து, நெஞ்சும் தலையும் கனத்தால் கபம். ஒன்றும் வராமல் தொண்டை அரித்து, பேசப் பேச இருமல் கூடினால் வாதம். தொண்டை எரிந்து, வாய் கசந்து, கோழை மஞ்சளாக வந்தால் பித்தம். பின்னிரண்டுக்கும் மிளகைக் கொட்டினால் எரிச்சல்தான் மிச்சம். போகி அன்று புகையால் வரும் இருமல் வேறு கதை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள்.

சளி இருமலுக்கு

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்ததுதான் திரிகடுகம். கூடவே ஆடாதொடை இலை. மயிலாப்பூரிலும் பாரிமுனையிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். திப்பிலியில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நாக்கு சுரீரென்று காந்த வேண்டும், இல்லாவிட்டால் பழைய சரக்கு. 'சுக்குக்குப் புறநஞ்சு' என்பார்கள். அதனால் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, லேசாக வறுத்துத் தட்டிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு பூசி வெள்ளையாக இருக்கும் சுக்கு என்றால் இந்த வேலையைத் தவறவே விடக்கூடாது.

கட்டைவிரல் நுனியளவு சுக்கு, 6 மிளகு, 2 திப்பிலி, காய்ந்த ஆடாதொடை இலை 2. எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடியுங்கள். நைஸாக அரைத்தால் கஷாயம் குழம்பிவிடும், வடிகட்டுவதும் பாடு. 2 டம்ளர் தண்ணீரில் போட்டு, மூடாமல், சிறு தீயில் அரை டம்ளராக வற்றவிடுங்கள். கால் பங்காக வற்ற வேண்டும் என்பதுதான் கணக்கு. பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டு அவசரமாக இறக்கினால் சாறு இறங்காது. வடிகட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு காலையில் பாதி, மாலையில் பாதி. இது பெரியவர்களுக்கான அளவு. மறுநாளுக்குப் புதிதாக வையுங்கள்.

தேன் சேர்ப்பதானால் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு. தேனைச் சூடுபடுத்தக் கூடாது என்பது ஆயுர்வேத விதி. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது.

ஆடாதொடை கைப்பு தாங்காது, ஆனால் வேலை செய்யும். இருமல் சிரப்புகளில் வரும் புரோம்ஹெக்சின் என்ற சளியிளக்கி மருந்து, இந்த இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை வைத்து உருவானதுதான். கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தொடக்கூடாது. வயிற்றுப் புண் உள்ளவர்களுக்குத் திரிகடுகம் ஆகாது.

வறட்டு இருமலுக்கு

இங்கே அதிமதுரம். சிறு துண்டை வாயில் அடக்கி, சாற்றை மெல்ல விழுங்கினாலே தொண்டை இதமாகும். அல்லது அரை ஸ்பூன் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் பாதியாக வற்றவைத்து, பனங்கற்கண்டு போட்டுக் குடிக்கலாம். சூடான சாதத்தில் தாராளமாக நெய்யும் விடுங்கள், வாத இருமலுக்கு நெய்ப்புத்தான் முதல் மருந்து. இனிப்பாக இருக்கிறதே என்று அதிமதுரத்தை வாரக்கணக்கில் சாப்பிடாதீர்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பி.பி., இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பதே நல்லது.

எந்த வகைக்கும்

ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுத் தொண்டையில் படக் கொப்பளியுங்கள். ஆவி பிடிப்பது பெரியவர்களோடு நிற்கட்டும். கொதிநீர்ப் பாத்திரத்தின் முன்னால் குழந்தையை உட்காரவைப்பது வம்பு.

கடைச் சூரணம் வாங்கினால்

இருமலுக்கான ஆயுர்வேதப் பொடியான சிதோபலாதி சூரணத்தை வீட்டில் இடிக்க நான் சொல்லமாட்டேன். கற்கண்டு 16, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலம் 2, லவங்கப்பட்டை 1 என்பது விகிதம். மூங்கிலுக்குள் உறையும் வெள்ளைப் பொருள்தான் மூங்கிலுப்பு, அசல் கிடைப்பது குதிரைக்கொம்பு. பாதிக்கு மேல் கற்கண்டு என்பதால் சர்க்கரை நோயாளிகள் யோசித்து வாங்க வேண்டும். திருவான்மியூரில் 1944 முதல் இயங்கும் இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம் போன்ற இடத்தில், உரிம எண்ணும் காலாவதித் தேதியும் பார்த்து வாங்குங்கள்.

நாலைந்து நாளில் குறையவில்லையா? அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையிலோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ காட்டுங்கள். குடித்த கஷாயத்தையும் தினமும் போடும் மாத்திரைகளையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.