வன்னியில் சர்வதேச குறொஸ் கன்ட்ரி: விண்ணப்பத்துக்கு முன் தரவையைத் தேடுங்கள்

2005ஆம் ஆண்டின் உலக மெய்வல்லுநர் போட்டியை நடத்தும் உரிமை இலண்டனுக்குக் கிடைத்திருந்தது. பிக்கெட்ஸ் லொக்கில் கட்டவிருந்த அரங்கை அரசு 2001இல் கைவிட்டது. பதிலுக்கு ஷெஃபீல்டைக் காட்டினார்கள், எடுபடவில்லை. போட்டி ஹெல்சிங்கிக்குப் போனது. அதனால்தான் வன்னியில் சர்வதேச ஓட்டப் போட்டி நடத்த நினைப்பவர்களிடம், இடத்தை உறுதிப்படுத்தாமல் விண்ணப்பத்தில் கைவைக்க வேண்டாம் என்கிறோம்.

எட்டுச் சுவடுகள் கொண்ட 400 மீற்றர் ஓடுபாதை 176.91 மீற்றர் நீளமும் 92.52 மீற்றர் அகலமும் பிடிக்கும். அதன்மேல் சான்றிதழ் பெற்ற செயற்கைத் தளம், அருகிலேயே உடல்சூடேற்ற இன்னொரு ஓடுபாதை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். திறந்த நிலத்தில் ஓடும் நெடுந்தூர ஓட்டமான குறொஸ் கன்ட்ரிக்கு இவை தேவையில்லை. புல்தரையும் ஏற்ற இறக்கமும் உள்ள திறந்தவெளி போதும். குளமும் தரவை எனப்படும் மேய்ச்சல் வெளியும் நிறைந்த வன்னிக்கு இதுவே பொருந்தும். தெற்காசிய மட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

சுற்று ஒன்றின் நீளம் 1500 முதல் 2000 மீற்றர் வரை இருக்கலாம். எங்கள் தெரிவு 2000. ஆண்களும் பெண்களும் ஓடும் 10 கிலோமீற்றருக்கு ஐந்து சுற்று, 20 வயதுக்குட்பட்ட ஆண்களின் 8 கிலோமீற்றருக்கு நான்கு, அதே வயதுப் பெண்களின் 6 கிலோமீற்றருக்கு மூன்று. தொடக்கமும் முடிவும் வெவ்வேறு இடங்களில் அமைந்தால் இந்தக் கணக்கு குழம்பும், மேலதிகத் தூரத்தைத் தனியே அளந்து கூட்டுங்கள். பாதை எங்கும் 5 மீற்றர் அகலம் வேண்டும். முதல் 300 மீற்றரில் ஒடுக்கமான இடமே இருக்கக்கூடாது. நூறு பேர் ஒன்றாய்ப் பாயும்போது ஒருவர் தடுக்கினால் பத்துப்பேர் விழுவார்கள்.

வன்னியில் சிக்கல் ஏற்றம்தான். சுற்றொன்றில் மொத்தமாக 10 மீற்றராவது ஏற வேண்டும், எங்கள் நிலமோ தட்டை. இங்கே குளக்கட்டு கைகொடுக்கும். தரவையிலிருந்து கட்டு 3.5 மீற்றர் உயரம் என்றால் மூன்று முறை ஏறி இறங்கினால் 10.5 மீற்றர். கண்மதிப்பை நம்பாமல் நில அளவையாளரைக் கொண்டு மட்டம் பாருங்கள். கட்டுக்கு மேலே கிரவல் வீதி இருந்தால் ஓட்டக்காரர் கடக்கும் இடத்தை மண்ணாலோ புல்லாலோ பாயாலோ மூட வேண்டும். ஆணிச் சப்பாத்து கிரவலில் வழுக்கும். கட்டின் சரிவில் புல் கிழிந்தால் அடுத்த மழையில் மண் கரையும். எனவே நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள், போட்டி முடிந்ததும் புல் பதித்துக் கொடுப்பதாக அதிலேயே உறுதி சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முந்திய தாள் ஒன்று உண்டு: மிதிவெடி அகற்றப்பட்ட நிலம் என்ற சான்று. ஓடுபாதைக்கு மட்டுமல்ல, வாகனத் தரிப்பிடம், மலசலகூடம், பார்வையாளர் நிற்கும் பற்றை ஓரம் எல்லாவற்றுக்கும் அந்தச் சான்று வேண்டும். இது இல்லாத தரவை எவ்வளவு அழகானதாயினும் விட்டுவிடுங்கள். பிறகு காணி யாருடையது என்பதைப் பிரதேச செயலகத்தில் தெளிவாக்குங்கள். மேய்ச்சல் நிலம் என்றால் மாட்டுக்காரருக்கு அந்த வாரங்களில் வேறு தரவை காட்ட வேண்டும். அவர்களைக் கேட்காமல் வேலி போட்டால் வேலி நிற்காது, நிற்கவும் கூடாது.

காலம் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. மாரி ஓய்ந்திருக்கும், புல் பச்சையாய் இருக்கும். ஓகஸ்டில் தரவை வெடித்துக் கிடக்கும், நவம்பரில் களி காலைப் பிடிக்கும். பெப்ரவரியிலும் ஒரு தொல்லை உண்டு: அது அறுவடைக் காலம். வீதியில் நெல் காயும், வெட்டு மெஷின்கள் ஊரும், வயல் தேடி யானையும் இறங்கும். கமக்கார அமைப்புகளோடு முன்கூட்டியே பேசிப் போக்குவரத்துப் பாதையைத் தீர்மானியுங்கள்.

மாட்டுக் குளம்படி காய்ந்தால் கல்லாகிவிடும், கணுக்கால் பிசகுவது அதில்தான். ஈரம் இருக்கும்போதே பாரம் குறைந்த உருளையை ஓட்டுங்கள், காய்ந்தபின் உருட்டிப் பயனில்லை. சேறாக இருக்கும்போது உருட்டினாலும் மண் உருளையில் ஒட்டிப் புல்லோடு வரும். புற்றுகளை வெட்டிக் குழியை மண்ணிட்டு இறுக்குங்கள். நெருஞ்சியைக் கையால் பிடுங்குவதே நல்லது. புடையன் பாம்பு உள்ள இடம் என்பதால் ஓரப் பற்றைகளைத் துப்புரவாக்கி, அருகிலுள்ள வைத்தியசாலையில் விஷமுறி மருந்து இருப்பதை உறுதிசெய்யுங்கள். முதல் ஓட்டத்தைக் காலை 7 மணிக்கு வைத்தால் வெயிலுக்கு முன் பெரும்பகுதி முடியும்.

இவை கைக்கு வந்தபின் விண்ணப்பம். அதை மாவட்டச் சங்கம் நேரே அனுப்ப முடியாது, தேசிய மெய்வல்லுநர் சங்கமான ஸ்ரீலங்கா அத்லெடிக்ஸ் ஊடாகவே போகும். வரைபடம், நெடுக்குவெட்டு உயரப் படம், அனுமதிக் கடிதங்கள், விசாவுக்கான அரச உத்தரவாதம், தங்குமிடப் பட்டியல், ஊக்கமருந்துப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் அறையும் மாதிரி எடுக்கும் அறையும் மலசலகூடமும் சேர்ந்த கட்டடம் என்பவற்றை இணையுங்கள். அணிகள் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ தங்குவதானால் ஏ9 வீதியில் அதிகாலைப் பயணம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைப் பஸ்ஸில் ஓடிப் பார்த்து எழுதுங்கள். ஆய்வுக்குழுவை முந்திய ஆண்டு பெப்ரவரியிலேயே அழையுங்கள், அப்போதுதான் போட்டி நாளில் இருக்கப்போகும் தரையை அவர்கள் நடந்து பார்ப்பார்கள்.