அமெரிக்க பட்டமளிப்பு விழாவுக்கு கவுனும் ஹூடும் சரியா போடுறது எப்படி?

நான் எம்எஸ் முடிச்சப்போ ஒரு பிளாஸ்டிக் கவர்ல கருப்பு கவுன், தட்டையான தொப்பி, ஒரு குஞ்சம், அப்புறம் வெல்வெட் ஓரம் வச்சு நீளமா ஒரு துணி வந்துச்சு, எதை எங்க போடணும்னு ஒரு சீட்டு கூட உள்ள இல்ல. அந்த நீளத் துணிதான் ஹூட். அம்மா அப்பா ஊர்ல இருந்து அவ்ளோ தூரம் வந்திருந்தாங்க, ஆனா அன்னைக்கு எடுத்த போட்டோ எல்லாத்துலயும் என் முதுகுல வெறும் கருப்புதான் தெரியுது, காலேஜ் கலர் ஒண்ணுல கூட வரல. எனக்கு அது இன்னும் வருத்தம்தான். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஹூட்னா என்னன்னு புரிஞ்சுக்கோங்க. ஐரோப்பாவுல பழைய காலத்து யுனிவர்சிட்டி கட்டடங்கள்ல குளிர் ஜாஸ்தி, அதனால அங்க படிச்சவங்க நீள அங்கியும் தலைக்கு முக்காடும் போட்டுக்கிட்டாங்க, அந்த முக்காடுதான் இப்போ முதுகுல தொங்குற ஹூட். அமெரிக்காவுல 1895ல சில யுனிவர்சிட்டிகள் கூடி யாருக்கு எந்த கவுன், எவ்ளோ நீள ஹூட்னு ஒரு பொது விதி போட்டாங்க, இன்னைக்கும் பெரும்பாலான இடத்துல அதைத்தான் ஒட்டிப் போறாங்க.

ஸ்டெப் 1: வந்தது உங்க டிகிரிக்கானதுதானான்னு பாருங்க. கவுன் கையை வச்சே சொல்லிடலாம். பேச்சலர்ஸ்னா கை முனை கூம்பா இருக்கும். மாஸ்டர்ஸ்னா மணிக்கட்டுகிட்ட கை வெளிய வந்துடும், அதுக்குக் கீழ துணி மட்டும் நீளமா தொங்கும், அது தையல் தப்பு இல்ல, அப்படித்தான் இருக்கணும். டாக்டரேட்னா கை மணி மாதிரி அகலமா இருக்கும், மேல மூணு வெல்வெட் பட்டை. ஹூட் நீளம் பேச்சலர்ஸுக்கு 3 அடி, மாஸ்டர்ஸுக்கு மூணரை அடி, டாக்டரேட்டுக்கு 4 அடி, வெல்வெட் அகலம் அதே வரிசையில 2, 3, 5 இன்ச். பேச்சலர்ஸுக்கு விதியில ஹூட் இருந்தாலும் நிறைய காலேஜ்ல கொடுக்கிறதில்ல, அதனால கவர்ல இல்லைன்னா பதறாதீங்க.

ஸ்டெப் 2: கலர். வெல்வெட் கலர் உங்க படிப்பை சொல்லும், உள்ளே பளபளன்னு இருக்கிற லைனிங் உங்க யுனிவர்சிட்டியை சொல்லும். இன்ஜினியரிங் ஆரஞ்சு, மருத்துவம் பச்சை, சட்டம் ஊதா, சயின்ஸ் பொன் மஞ்சள், ஆர்ட்ஸ் வெள்ளை, நர்சிங் ஆப்ரிகாட் பழ நிறம். இதுல நிறைய பேர் குழம்புற இடம் பிஎச்டி. நீங்க இன்ஜினியரிங்ல பிஎச்டி பண்ணாலும் பிசிக்ஸ்ல பண்ணாலும் விதிப்படி வெல்வெட் கரு நீலம்தான், ஆரஞ்சு வரலையேன்னு கடைக்கு போன் பண்ண வேண்டாம். லைனிங்குக்கு உதாரணம் சொல்லணும்னா பிரின்ஸ்டன்ல ஆரஞ்சு லைனிங் நடுவுல கருப்பா ஒரு வி பட்டை வரும்.

ஸ்டெப் 3: சுருக்கம் எடுக்கிறது. பெரும்பாலும் பாலியஸ்டர் துணிதான், சூடான அயர்ன் பாக்ஸை நேரா வச்சா பளபளன்னு தடம் விழுந்துடும். ரெண்டு நாள் முன்னாடியே ஹேங்கர்ல மாட்டி, நீங்க சுடுதண்ணில குளிக்கும்போது பாத்ரூம்லயே தொங்க விடுங்க, அந்த ஆவிக்கே பாதி சுருக்கம் போயிடும்.

ஸ்டெப் 4: ஹூட் போடுறது. இதுதான் முக்கியம், நிதானமா பண்ணுங்க. கட்டில்ல விரிச்சு வச்சு பாத்தீங்கன்னா தலை நுழையுற மாதிரி ஒரு வளையம் இருக்கும், அதோட குறுகலான முனை தொண்டைப் பக்கம் முன்னாடி வரணும், பெருசா தொங்குற பகுதி முதுகுப் பக்கம் போகணும், வெல்வெட் வெளிய தெரியணும். போட்டதும் ஒருத்தரை பின்னாடி நிக்கச் சொல்லி, தோளுக்குக் கீழ வெல்வெட்டை ரெண்டு பக்கமும் வெளிப்பக்கமா புரட்டி விடச் சொல்லுங்க, அப்பதான் உள்ள இருக்கிற லைனிங் விரிஞ்சு தெரியும், நான் விட்டது இந்த ஒரு வேலையைத்தான். பின்னாடி சின்ன கயிறும் பட்டனும் இருந்தா அதையும் மாட்டிடுங்க, புரட்டினது திரும்ப மூடாது.

அடுத்து முன்னாடி கழுத்துகிட்ட ஒரு சின்ன நூல் வளையம் இருக்கும். அதை உள்ள போட்டிருக்கிற சட்டை பட்டன்ல மாட்டணும், ஏன்னா பின்னாடி வெயிட் இழுத்து இழுத்து ஹூட் தொண்டைக்கு ஏறிடும். சேலையோ குர்த்தாவோ கட்டிட்டுப் போனா பட்டன் இருக்காது, அப்போ கவுனோட உள்பக்கத்துல சேஃப்டி பின் குத்தி அதுல மாட்டுங்க, ரெண்டு பின் எக்ஸ்ட்ராவா வச்சுக்கோங்க, பக்கத்துல நிக்கிறவங்க கண்டிப்பா கேப்பாங்க.

ஸ்டெப் 5: தொப்பி. தலைக்கு மேல தட்டையா உட்காரணும், ஒரு முனை நெத்திக்கு நேரா வரணும், பின்னாடி சாய்ச்சு வைக்கக்கூடாது. மல்லிகைப்பூ வைக்கிறதா இருந்தா தொப்பியை முதல்ல பின் போட்டு நிறுத்திட்டு அதுக்குக் கீழ பூ வைங்க. குஞ்சம் பேச்சலர்ஸுக்கு வலது பக்கம் ஆரம்பிச்சு பட்டம் கொடுத்ததும் இடது பக்கம் மாத்துவாங்க, மாஸ்டர்ஸ், பிஎச்டிக்கு பொதுவா ஆரம்பத்துல இருந்தே இடதுதான்.

ஸ்டெப் 6: இது பிஎச்டிகாரங்களுக்கு மட்டும். நீங்க ஹூடை போட்டுட்டு போகக்கூடாது, மடிச்சு இடது கையில போட்டுக்கிட்டு மேடைக்குப் போகணும், உங்க கைடு வாங்கி உங்க தலை வழியா போட்டு விடுவாங்க. அஞ்சாறு வருஷம் உங்க ஒவ்வொரு டிராஃப்டையும் படிச்ச மனுஷர் தன் கையால போட்டு விடுறது, என்னைக் கேட்டா டிகிரி பேப்பரை விட இதுதான் பெருசு, தயவுசெஞ்சு நேரம் இல்லைன்னு இதை மிஸ் பண்ணாதீங்க. கைடு குள்ளமா இருந்தா நீங்க முட்டியை கொஞ்சம் மடக்கி நில்லுங்க, தலையை மட்டும் குனிஞ்சா தொப்பி விழுந்துடும். எந்த முனை முன்னாடி வரணும்னு அவங்களுக்கும் அவசரத்துல மறந்து போகலாம், வரிசையில நிக்கும்போதே சரியா மடிச்சு வச்சிருந்தா அப்படியே எடுத்துப் போட்டுடுவாங்க.

எல்லாம் முடிஞ்சதும் கவுனைக் கழட்டுறதுக்கு முன்னாடி, வீட்டுல இருந்து வந்தவங்க கையில போனைக் கொடுத்துட்டு திரும்பி நின்னு முதுகுப் பக்கமா ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க.