குமோங்காவைப் பற்றிப் பேசும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஜப்பானின் கைஜு படங்களில், அதாவது ராட்சத விலங்குப் படங்களில், வரும் ராட்சதச் சிலந்தியின் பெயர் குமோங்கா. ஜப்பானிய மொழியில் 'குமோ' என்றால் சிலந்தி. 1967 டிசம்பரில் தோஹோ நிறுவனம் வெளியிட்ட 'சன் ஆஃப் காட்ஸில்லா'வில்தான் முதலில் வந்தது. ஆங்கில வடிவத்தில் இதையே ஸ்பைகா என்றார்கள். இரண்டும் வேறு வேறு சிலந்திகள் என்று நினைத்துவிட வேண்டாம்.

அடிக்கடி வரும் தவறு, உள்ளே ஆள் இருந்தார் என்பது. காட்ஸில்லா உடைக்குள் நடிகர் இருந்ததால் இங்கேயும் ஒருவர் தவழ்ந்திருப்பார் என்று எழுதிவிடுகிறார்கள். குமோங்கா முழுக்க முழுக்கப் பொம்மலாட்டம். மேலே நின்ற ஒரு குழு கம்பிகளை இழுத்து அதை நடக்க வைத்தது. எட்டுக் கால்கள், ஒவ்வொன்றிலும் மூட்டுகள். ஒருவர் கை பிந்தினாலும் சிலந்தி நடக்காது, இழுபடும். சிறப்புக் காட்சிகளை இயக்கியவர் சதாமாசா அரிகாவா. மண்ணைத் தள்ளிக்கொண்டு அது எழும் இடத்தில் கால்களை மட்டும் கவனியுங்கள். ஒன்று ஊன்ற, மற்றொன்று தயங்கித் தூக்கும். கம்பி தெரிகிறதா என்று தேடுபவர்களுக்கு இந்த அழகு தப்பிப்போகிறது. பின்னாளில் கணினியில் உருவான எத்தனையோ சிலந்திகளிடம் இந்தக் கனம் இல்லை என்பது என் எண்ணம்.

அப்புறம், பிறப்புக் கதை. படத்தில் வரும் சோல்கெல் தீவில் விஞ்ஞானிகள் நடத்திய வானிலைச் சோதனை கைமீறிப் போனதால் ராட்சதமாக வளர்ந்தவை கமகிராஸ் என்ற கும்பிடுபூச்சிகள். குமோங்கா அப்படி வளர்ந்ததல்ல. ஏற்கெனவே பள்ளத்தாக்கின் மண்ணுக்கடியில் உறங்கிக்கொண்டிருந்தது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் அதன்மேல் வரும் அச்சமே போய்விடும். மனிதர் செய்த பிழையின் விளைவல்ல அது, தீவின் பழைய குடி.

வலையிலும் குழப்பம் வரும். நிஜச் சிலந்தி வயிற்றின் பின்முனையிலிருந்து நூல் விடும். குமோங்கா வாயிலிருந்து பீய்ச்சும். படத்தை வைத்து உயிரியல் பேசாதீர்கள். நாம் 'எட்டுக்கால் பூச்சி' என்றாலும் அது பூச்சியினமும் அல்ல.

'சுச்சிகுமோ' என்ற மண்சிலந்திப் பூதம் ஜப்பானியப் பழங்கதைகளில் உண்டு. பேரில் 'குமோ' இருக்கிறதே என்று அதையே குமோங்கா ஆக்கிவிடக் கூடாது. 2019-இன் ஹாலிவுட் காட்ஸில்லா படத்தில் வரும் ஸ்கில்லாவும் சிலந்தி போன்ற கால்கள் கொண்ட வேறொரு பிராணிதான்.

1969-இல் வந்த 'ஆல் மான்ஸ்டர்ஸ் அட்டாக்' படத்தில் சிறுவன் காணும் கனவில் குமோங்கா வருவதைப் புதுச் சண்டை என்று எண்ண வேண்டாம், பழைய காட்சிகளையே எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். 2004-இன் 'ஃபைனல் வார்ஸ்' படத்திலிருந்தும் தொடங்காதீர்கள். அதில் காட்ஸில்லா இதை வலையோடு சேர்த்துச் சுழற்றித் தூர வீசிவிடும், சண்டை அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும். 1967 படத்தை முதலில் பாருங்கள். அதற்கடுத்து 1968-இன் 'டெஸ்ட்ராய் ஆல் மான்ஸ்டர்ஸ்'. அதில் கிங் கிடோரா என்ற மூன்று தலை ராட்சத டிராகனுக்கு எதிராக இதே சிலந்தி காட்ஸில்லாவின் பக்கம் நிற்கும்.