ராஜபாளையம் நாய்க்குச் சங்கிலிப் பட்டை: என் அனுபவம்

எங்கள் வீட்டு ராஜபாளையம் நாயின் கழுத்தில் பழுப்பாக ஒரு கறை விழுந்துகொண்டே இருந்தது. ஷாம்பூ போட்டுத் தேய்த்தாலும் கொஞ்ச நாளில் திரும்ப வந்துவிடும். காரணம் சங்கிலிதான். மேல்பூச்சு உரசிப் போய், உள்ளே இருந்த இரும்பு துருப்பிடித்திருந்தது. வெள்ளை முடியில் அது மறையவா செய்யும்?

அடுத்ததாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், 304 தரத்தில் வாங்கினேன். கடைக்கு ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். இரும்பென்றால் பச்சக்கென்று ஒட்டும். 304 ஒட்டாது, மிஞ்சினால் லேசாக இழுக்கும். அப்புறம் ஒவ்வொரு கண்ணியின் இணைப்பையும் நகத்தால் தடவிப் பாருங்கள். வெல்டிங் இல்லாமல் வெறுமனே வளைத்துவிட்ட கண்ணி என்றால் இடுக்கில் நகம் மாட்டும். பெரிய நாய் பூனையைப் பார்த்து ஒரு இழுப்பு இழுத்தால் அது பிளந்துகொள்ளும். கம்பி 3 முதல் 4 மி.மீ. கனம் போதும். அதற்கு மேல் வீண் பாரம், ஊருக்குக் காட்டத்தான் ஆகும்.

இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம். சாதாரணப் பட்டை போட்டால் பின்னால் நகர்ந்தே கழற்றிவிடும். சுருக்குச் சங்கிலியோ இறுகிக்கொண்டே போய்க் குரல்வளையை நெரிக்கும். அதனால் மார்ட்டிங்கேல் வகையை எடுத்தேன். இழுத்தால் கழுத்தளவுக்கு இறுகி, அதோடு நின்றுவிடும். காதுக்குப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில் அளவெடுக்க வேண்டும். முழுதும் இறுகிய நிலையிலும் பட்டையின் இரு முனைகளில் உள்ள வளையங்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது.

நடைக்கு மட்டும்தான் மாட்டுகிறேன். வீட்டில் கழற்றிவிடுவேன், கேட் கம்பியில் சிக்கினால் ஆபத்து.