பை கப் கீ

தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், அகழியோரச் சாலையில் போலீஸ் சோதனை. ஹெல்மெட் இருந்ததால் தைரியமாக ஸ்கூட்டரை நிறுத்தினேன். இறுக்கமான பழுப்புச் சட்டைக்காரர் சிரித்தபடி "பை கப் கீ?" என்றார். லைசென்ஸைத்தான் கேட்கிறார். இந்தியாவில் வாங்கிய சர்வதேச அனுமதியை நீட்டினேன். அதில் கார் பகுதியில் மட்டும்தான் முத்திரை. பைக் பகுதி காலி. விரலால் தட்டிக் காட்டினார். தப்பு என்னுடையதுதான்.

தாய்லாந்து போலீஸ் என்றாலே லஞ்சம் என்பார்கள், இங்கே குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள். நான் அபராதத்துக்கு ரசீது கேட்டேன், கொடுத்தார். எல்லோரும் அப்படியா என்றால், தெரியாது.

அப்புறம் ஒழுங்காக லைசென்ஸ் எடுத்தேன். குடிவரவு அலுவலகத்தில் வசிப்பிடச் சான்று, கிளினிக்கில் மருத்துவச் சான்று, இரண்டோடும் போக்குவரத்துத் துறைக்குப் போனேன். நிறக்குருடு சோதனை, பிரேக் மிதிக்கும் சோதனை. எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 45 சரியாக வேண்டும். முதல் தடவை 43. கடைசியில் குறுகலான பலகைமேல் கால் ஊன்றாமல் பைக் ஓட்ட வேண்டும். தேர்வைவிட அதற்குத்தான் பயந்தேன்.

இரண்டு வருட லைசென்ஸ் அட்டை, தாய்லாந்துப் பணத்தில் 105 பாட். அடுத்த சோதனையில் அட்டையைப் பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பிவிட்டார்கள்.