சிப்பி கழுவி அவிக்கும் முறை

முட்டம், கடியபட்டணம், குளச்சல் பக்கம் பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்புச் சிப்பியைத்தான் குமரி மாவட்டத்தில் வெறுமனே சிப்பி என்கிறோம். ஓட்டோடு 1 கிலோ வாங்கினால் சதை கால் கிலோ அளவுக்குத்தான் தேறும்.

வாங்கும்போது வாய் மூடியிருப்பதாகப் பார்த்து எடுங்கள். லேசாகத் திறந்திருந்தால் இன்னொரு சிப்பியால் தட்டிப் பாருங்கள். உயிருள்ளது மெல்ல மூடிக்கொள்ளும்; மூடாதது செத்தது, வேண்டாம். ஒன்று மட்டும் அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே சேறாக இருக்கலாம். அதை அப்படியே பானையில் போட்டால் மொத்தச் சாறும் பாழ்.

வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கடலில் வாழ்வது, நல்ல தண்ணீரில் செத்துப்போகும். கவரில் இறுக்கிக் கட்டினாலும் மூச்சுமுட்டிச் சாகும். ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்து அன்றைக்கே சமையுங்கள்.

அடுப்பு மூட்டும் முன்தான் நாரைப் பிடுங்க வேண்டும். ஓட்டின் ஓரத்தில் பழுப்பு நூல்கொத்து நீட்டிக்கொண்டிருக்கும். பாறையைப் பற்றிக்கொள்ளச் சிப்பியே சுரந்த நூல் அது. அதன் வேர் சதைக்குள் இருக்கிறது. துணியால் பிடித்து, இரண்டு ஓடும் சேரும் கூர்முனைப் பக்கமாக இழுத்தால் வேரோடு வரும். அகன்ற பக்கம் இழுத்தால் சதை கிழியும். பிறகு ஓட்டைத் தேங்காய் நாரால் தேய்த்து, ஓடும் தண்ணீரில் மூன்று தடவை அலசுங்கள்.

கிலோவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், மூடிய பாத்திரம், பெரிய தீ. உப்பு போட வேண்டாம், சிப்பிச் சாற்றிலேயே உண்டு. வாய் பிளந்ததும் இன்னும் 4 நிமிடம் போதும். கூடினால் சதை ரப்பராகிவிடும். வாய் திறக்காததைக் கத்தியால் நெம்பித் திறக்காமல் எறிந்துவிடுங்கள். சாற்றைத் துணியில் வடித்துக் குழம்புக்கு வையுங்கள்.

ஆரஞ்சுச் சதை பெண், வெளிறியது ஆண், இரண்டும் தின்னலாம். உள்ளே பட்டாணி அளவு நண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், அது அங்கேயே குடியிருப்பது. நடுவிலுள்ள கரும்பச்சை உருண்டை செரிமான உறுப்பு. சிப்பி வடிகட்டித் தின்ற அழுக்கு அதில்தான் தங்கும், பிதுக்கி எடுத்துவிடுங்கள்.

கடல் திடீரென்று சிவப்பாகவோ பச்சையாகவோ நிறம் மாறியிருக்கும் நாட்களில் சிப்பியே வாங்காதீர்கள். அந்தப் பாசியின் நஞ்சு சிப்பிச் சதையில் சேர்ந்தால் எவ்வளவு அவித்தாலும் போகாது. சாக்கடை விழும் இடத்துச் சிப்பியும் ஆகாது.

அவித்த சதையைத் தேங்காய் எண்ணெய், உள்ளி (சின்ன வெங்காயம்), நல்லமிளகு, கறிவேப்பிலை சேர்த்து 3 நிமிடம் மட்டும் புரட்டி இறக்குங்கள். கூடத் தின்ன மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) அதற்குள் வெந்திருக்க வேண்டும். ஆறினால் சிப்பி இறுகிவிடும்.